இடது மூலையில் மட்டும் காற்று

"அக்கா, புகையோட வேகத்தைக் குறைக்கச் சொன்னேனா இல்லையா?"

காலையிலிருந்து இதே பாட்டுதான். டீம் லீடரின் குரல் ஏறிக்கொண்டே போனது.

"குறைச்சேனே தம்பி" என்றாள் அக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

குறைத்த லட்சணம் திரையில் தெரிந்தது. சினிமாக் காட்சி அது; பெரிய கட்டடம் ஒன்றிலிருந்து ஜனங்கள் அலறியடித்து ஓடி வருகிறார்கள். அதில் தீயும் புகையும் கம்ப்யூட்டரில் சேர்ப்பது இவர்கள் வேலை. அக்கா போட்ட புகையோ, குக்கர் விசில் மாதிரி சர்ரென்று கிளம்பி இடது பக்கத்தை மூடியது.

"பெரிய கட்டடம்னா புகை மெதுவாத்தான் ஏறணும். வேகமாப் போனா தீப்பெட்டி எரியுற மாதிரி இருக்கும். இது உங்களுக்கா தெரியாது?"

தெரியும். அந்த ஆபீசில் புகை என்றாலே அக்காதான். அவனுக்கு எரிச்சல் பொங்கியதே அதனால்தான்.

போன் அடித்தது. இயக்குநர்.

"சாயங்காலம் நேர்ல வர்றேன். புகை மெதுவா இல்லைன்னா வேலையை வேற கம்பெனிக்கு மாத்திடுவேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார். மனுஷனுக்கு ஈவு இரக்கமே கிடையாது என்று தொழிலில் எல்லோரும் சொல்வார்கள்.

லீடர் உட்கார்ந்தான், எழுந்தான், நகத்தைக் கடித்தான். "நீங்க நகருங்க" என்று மவுஸைப் பிடுங்காத குறையாக வாங்கி, வேகத்தைப் பாதியாக்கி ஓடவிட்டான்.

புகை நிதானமாக எழுந்தது. அதுவரை மறைந்திருந்த ஓர் ஆள் இடது மூலையில் தெரிந்தார். எல்லோரும் ஓட, அவர் மட்டும் சுவரைப் பிடித்தபடி காலை இழுத்து இழுத்து வந்தார்.

"யார் இவரு? தீப்பிடிச்ச இடத்துல வாக்கிங் போறாரு?"

"எங்க வீட்டுக்காரர், தம்பி."

அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"முட்டி போயிடுச்சுன்னு என்கிட்டகூட சொல்லல. இங்க பார்த்துதான் எனக்கே தெரிஞ்சுது. சினிமாவுல கூட்டத்தோட கூட்டமா ஓடுறதுதான் அவர் பிழைப்பு. ஓட முடியலைன்னு தெரிஞ்சா யாரு கூப்பிடுவாங்க?"

லீடர் மவுஸை அக்கா பக்கம் தள்ளினான்.

"அதுக்காக மொத்தப் புகையையுமா விரட்டுவீங்க? அந்த மூலையில மட்டும் காத்து அடிக்கிற மாதிரி வச்சா அவரை மறைக்கப் போதாதா?"

"வச்சா ஏன்னு கேட்பீங்களேன்னு பயம்."

"கேட்கல. வைங்க."

சாயங்காலம் இயக்குநர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். மறுபடியும் ஓடவிடச் சொன்னார்.

"இடது மூலையில மட்டும் புகை ஏன் வேகமா வருது?"

லீடர் அக்கா பக்கம் திரும்பாமல் சொன்னான். "அங்க... கொஞ்சம் காத்து அடிக்குது சார்."

அக்கா கீபோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இயக்குநர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அடிக்கட்டும், கை வைக்காதீங்க. அங்க ஒருத்தருக்குக் கால் முடியல. ஷூட்டிங்லயே பார்த்தேன். அடுத்த படத்துல உட்கார்ந்தே நடிக்கிற வேஷம் அவருக்குக் கொடுத்திருக்கேன். அதுவரைக்கும் வெளியில தெரியக் கூடாது."

கதவுவரை போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"முக்கியமா, அவர் சம்சாரத்துக்குத் தெரியவே கூடாதாம். அந்தம்மா தாங்க மாட்டாங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு."