டம்ளருக்கு முன்னால்

ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் அந்த ஹெட்போனை வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் மல்லாடிய வரதன், கடைசியில் கடைக்கே போய், பழைய கேசட்டிலிருந்து செல்போனுக்கு ஏற்றியிருந்த அம்மாவின் கொலுப் பாட்டை அதில் போட்டுக் கேட்டார். வீட்டிலிருக்கும் ஓட்டை ஹெட்போனில் ஆயிரம் தடவை கேட்டதுதான். பாதிப் பாட்டில் டம்ளர் உருளும். அதோடு பாட்டு நின்றுவிடும். உருட்டியது ஆறு வயது வரதன். "நீ கெடுத்ததுதான்டா, அப்புறம் அவ பாடவே இல்லை" என்று பெரியம்மா சாகும்வரை சொன்னாள். அம்மா ஒருநாளும் மறுத்ததில்லை. இன்றும் எங்கே பாத்திரம் விழுந்தாலும் அவர் தோள் குறுகும்.

இந்த ஹெட்போனில், டம்ளருக்குச் சற்று முன்னால், இத்தனை நாள் வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் அம்மா பெரியம்மாவிடம் கிசுகிசுத்தாள்:

"அக்கா, அடுத்த அடி மறந்துபோயிடுத்து."

பெரியம்மா களுக்கென்று சிரித்தாள். அதற்கப்புறம்தான் டம்ளர்.

இன்னொரு முறை கேட்டுவிட்டு வரதன் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"பிடிக்கலையா சார்?" என்றாள் கடைப்பெண்.

"ரொம்பப் பிடிச்சுதும்மா. கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு."

வெளியே காப்பிக் கடையில் யாரோ கைதவறவிட்ட எவர்சில்வர் டம்ளர் கணகணவென்று உருண்டு வந்தது. வரதன் சாவகாசமாகக் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.