ஹில்டாவின் நேர்ச்சை

“மனுஷ உடம்பும் கிரேனும் ஒண்ணுதான், ஏளா. வாஷர் தேஞ்சா ஒழுகும். மாத்தினா நின்னுரும். இதுல மாதாவுக்கு என்ன வேலை?”

நாசரேத் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ரோச் இதைப் பிரசங்கம் போல அறிவித்தான். தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். உயரத்தில் உட்கார்ந்தே பழகியதால் எதையும் மேலிருந்துதான் சொல்வான்.

“பைய பேசுங்க. நாலு பேரு பாக்காவ,” என்றாள் அவன் மனைவி ஹில்டா.

கடைசிப் பிரசவத்திலிருந்து அவளுக்கு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும். சிரித்தாலும் கசியும் என்பதால் சிரிப்பையே விட்டுவிட்டாள். பூசையில் வாசலோரம் நிற்பாள். இரவில் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் பாய் விரித்துக்கொள்வாள். டாக்டர் ஜீவமணி ஆபரேஷன் செய்து மூன்று மாதமாகிறது. கசிவு நின்றுவிட்டது. பாய் மட்டும் அடுப்படியிலேயே கிடந்தது.

“முழுசா சரியாயிட்டா மாதா கெபியில வெள்ளி உருவம் கட்டுதேன்னு நேர்ந்திருக்கேன்.”

“கட்டேன். நம்ம தெரு பாஸ்கல் கால் முறிஞ்சதுக்கு வெள்ளியில கால் கட்டினான். நீ எதைக் கட்டுவ? வெள்ளியில ஒரு தண்ணிக் குழாயா? நான்லாம் செத்தாலும் அந்தக் கெபிக் கம்பியில ஒண்ணும் கட்ட மாட்டேன்.”

உள்ளே கூப்பிட்டார்கள்.

“தையல் நல்லா ஆறியிருக்கு,” என்றார் டாக்டரம்மா. “வேற என்ன சந்தேகம்?”

ஹில்டா தரையைப் பார்த்தாள். ரோச் மின்விசிறியைத் தொழில்நுட்ப ரீதியாக ஆராய்ந்தான்.

“ரெண்டு பேரும் சேந்து படுக்கிறீங்களா?”

மின்விசிறியில் இன்னும் ஆராய வேண்டியது இருந்தது. ஹில்டாதான் பேசினாள். “பயமா இருக்கு, டாக்டரம்மா. தையல் விட்டுட்டா? அந்த நேரம் பாத்து ஒழுகிட்டா இவுக என்ன நெனப்பாவ?”

ரோச்சின் குரல் மெதுவாகக் கீழே இறங்கியது. “நான் என்ன நெனைக்கப் போறேன்? ஒனக்கு வலிச்சிருமோன்னுதான் எனக்குப் பயம்.”

பல வருஷமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு பயத்தோடு படுத்துக்கிடந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தையல் விடாது. இனிமே தடை ஒண்ணும் இல்ல,” என்றார் டாக்டரம்மா. “ஏன் ரோச், கீழ நிக்கிற ஆளு கை காட்டாம நீங்க கிரேன்ல லோடைத் தூக்குவீங்களா?”

“ஐயோ, வேலை போயிரும்.”

“வீட்டுலயும் அதேதான். ஹில்டா கை காட்டினா மட்டும். நிறுத்துன்னா நிறுத்தணும். வலி இருந்தா மறைக்காம இங்க வாங்க. அதுக்கும் வைத்தியம் இருக்கு.”

திரும்பும்போது பஸ்ஸில் பிரசங்கம் எதுவும் நடக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்ததும் ரோச் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தாணுலிங்கம் ஆசாரியின் வெள்ளிக் கடைக்குள் நுழைந்தான்.

“நேர்ச்சைக்கு ஒரு கட்டில் வேணும்.”

“பிள்ளை வரத்துக்குத் தொட்டில்தான அண்ணாச்சி கட்டுவாவ?”

“எனக்குக் கட்டில் வேணும்.”

ஆசாரி மேசை இழுப்பறையைத் துழாவி ஒன்றை எடுத்து வைத்தார். “என் சர்வீஸ்ல இதுக்கு முன்ன இப்படி ஒண்ணு செஞ்சதே இல்ல. போன வாரம் ஒரு அக்கா வந்து கேட்டாவ. கேட்டுட்டு ஒரே சிரிப்பு. ‘எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவாவ’ன்னாவ. அப்ப ஒண்ணு கூடுதலா செஞ்சு வச்சேன்.”

மாதாவின் குகைக் கெபியில் வெள்ளிக் கண்களும் கால்களும் தொங்கிய கம்பியில், ஒரு குட்டிக் கட்டில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ரோச் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்திலேயே தன்னுடையதையும் கட்டினான். நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. நகர்த்தி, இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டான்.