உப்பு வரிக்குத் தாவியவர்

கூடத்தின் நடுவே வீரபாண்டி எழுந்து நின்று கேட்டான்.

“சாரே, அநியாயச் சட்டத்தை மீறலாம்னு எங்களுக்குச் சொல்லித் தந்தது நீங்க. அவசரநிலை வந்ததும் ஏன் அந்த ஆராய்ச்சியை விட்டீங்க? பயந்துட்டீங்களா?”

மட்டாஞ்சேரிக் கல்லூரியில் அரசியல் தத்துவப் பேராசிரியர் அனந்தநாராயணனுக்கு அன்று பிரிவுபசாரம். கேட்டவன் பழைய மாணவன், இப்போது வக்கீல். வந்தவன் மாலையைப் போட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம்.

கேள்வி ஒன்றும் புதிதல்ல. சட்டமறுப்பைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர், எழுபத்தைந்தாம் வருஷ மழைக்காலத்தில் திடீரென்று கொச்சி ராஜாக்களின் உப்பு வரியைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தாவினார். ஒன்பது வருஷமாக ஊரே அதை முதுகுக்குப் பின்னால் பேசியாகிவிட்டது.

அனந்தநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முன்வரிசையிலிருந்து அவர் மனைவி கமலாக்ஷி எழுந்தாள். சபையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

“அவர் பயப்படலை. எழுதி வெச்சதையெல்லாம் பழைய பரீட்சைப் பேப்பர்னு நெனச்சு நான்தான் வெந்நீர் அடுப்பிலே போட்டுட்டேன். என்னோட தெத்தாக்கும் அது, என் தப்பு. இன்னி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

சொல்லிவிட்டு அழுதாள்.

திருத்தி முடித்த விடைத்தாள்களை எரித்து வெந்நீர் போடுவது அந்த வீட்டு வழக்கம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மழையில் விறகு நனைந்திருந்த காலையில், அடுப்படியில் இருந்த காகிதக் கட்டை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த வெந்நீரில்தான் அவர் குளித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வீரபாண்டி மேடையேறி அவர் காலைத் தொட்டான். இப்படி ஒரு பொறுமைசாலியைத் தாம் கண்டதில்லை என்றார் முதல்வர்.

அனந்தநாராயணன் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மாறாக, இன்னொரு மாலைக்குக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

மாலையின் பாரத்தில், பூணூலில் கோத்திருந்த சாவி நெஞ்சில் அழுந்தியது.

எழுதியதையெல்லாம் அவர் பூட்டி வைத்திருந்த அலமாரிக்கு அந்த ஒரு சாவிதான் உண்டு. அவள் அடுப்பிலே போட்டதற்கு முதல்நாள் சாயங்காலம் அதைத் திறந்து, காகிதக் கட்டை எடுத்துப்போய் அடுப்படியில் விடைத்தாள்களின் மேல் வைத்தவர் அவர்தான்.