மூன்று பேர் சொன்ன சொல்

அகராதி அலுவலகத்தில், உதவியாளர் நீட்டிய சீட்டைப் பதிப்பாசிரியை வாங்கிப் படித்தார்.

"'மாற்றாந்தாய்: பாரபட்சம் காட்டுபவள்.' இதுக்குப் பக்கத்துல 'பழைய வழக்கு'ன்னு ஏன் போட்டே?"

"கீழே புதுப் பொருள் எழுதியிருக்கேன், மேடம்."

"'பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கட்டிலை விட்டு நகராதவள்.' நல்லா இருக்கே கதை! நம்ம ஆசைக்கெல்லாம் பொருள் மாறாது. மூணு பேராவது அப்படிச் சொல்லியிருக்கணும். யார், எப்போன்னு குறிப்பு வேணும். விதி தெரியும்ல?"

"தெரியும் மேடம். போன மாசம் எங்க அண்ணன், அண்ணிகிட்ட சொன்னான்: 'நம்ம குழந்தையை ஒரு மாற்றாந்தாய் மாதிரி பார்த்துக்கோ.'"

பதிப்பாசிரியையின் பேனா நின்றது.

"போன வருஷம் தம்பி ஹாஸ்டல்லேர்ந்து போன்ல சொன்னான்: 'ஜுரம்க்கா. இங்க மாற்றாந்தாய் மாதிரி பார்த்துக்க யாரு இருக்கா?'"

"மூணாவது?" என்று கேட்டார்.

"இன்னைக்கு, நான்."

"மூணு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க. செல்லாது."

"மூணு பேரையும் வளர்த்தவ நீ ஒருத்திதானே? வேற வீட்டுக்கு நான் எங்கம்மா போவேன்?"

"ஆபீஸ்ல மேடம்னு கூப்பிடு" என்றபடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள் மாற்றாந்தாய்.