பழைய ஆய்வகத்தில் துணைவேந்தர்

பதவி முடிய ஒரு வாரம் இருக்கையில் துணைவேந்தர் தன் பழைய இயற்பியல் ஆய்வகத்துக்குள் நுழைகிறார். இனி ஆய்வகத்தில்தான் உட்காரப் போகிறேன் என்று காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். திரை மூடிய அறை. வெற்றிடப் பம்பு முனகுகிறது. லேசரின் சிவப்புப் பொட்டு சுவரில் நடுங்குகிறது. இருவரும் சேர்ந்து தொடங்கிய சோதனையை, அவர் நிர்வாகத்துக்குப் போனபின் பன்னிரண்டு வருடமாகத் தனியாளாக இழுத்துவந்த தோழி நாற்காலியை விட்டு எழவில்லை. "வாங்க, பெரிய மனுஷரே! வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்துக்கொண்டே மேசை விளக்கடியில் ஒரு வரைபடத் தாளை நகர்த்துகிறாள். "நாம தேடின வளைவு. கடைசியில வந்துடுச்சு, பாருங்க." அவர் கண்கள் வளைவில் நிற்காமல் தாளின் அடிப்பக்கத்துக்கு இறங்குகின்றன. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பச்சை மைப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றுகிறது. "கையெழுத்து எங்க போடணும்?" அவள் சிரிப்பு நின்றுபோகிறது. என்ன கேட்டோம் என்பது அவருக்கு மெல்ல உறைக்கிறது.