சும்மா இருக்கிற குரூப்பு

"காலைக் காட்டு."

ரேணுகாதேவி மேடம் சொன்னதும் சுடலைக்குமார் ரெண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"காட்டுன்னு சொல்லுதேன்லா."

காட்டினான். ராத்திரி பெய்த மழையில் ஊறின கரிசல் கணுக்கால் வரை ஏறிக் காய்ந்திருந்தது. அவன் இன்னும் குளிக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

"சும்மா இருக்கிற குரூப்புல உள்ளவன் கால்ல கரிசல் எப்படி வந்துச்சு?"

"ஆடு பத்தப் போனேன் மேடம்."

"உங்க வீட்டுல ஆடு கிடையாதே."

"பக்கத்து வீட்டு ஆடு."

"பக்கத்து வீடு ரெண்டு வருசமா பூட்டிக் கெடக்கு. அவிய எல்லாரும் திருப்பூர்ல இருக்காவ. உன் வீட்டுக்குக் கையெழுத்து வாங்க வந்தப்ப நானே பாத்தேன்."

அதற்கு மேல் அவனுக்குப் பொய் வரவில்லை. கணக்குப் பரீட்சை மாதிரி அதிலும் பெயில்.

மேடம் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். எந்த உடற்பயிற்சி செய்தால் இளவட்டங்களுக்கு மனசு தெளியும், சளி காய்ச்சல் அண்டாமல் இருக்கும் என்று பார்க்க, நாகலாபுரத்தில் நாற்பது பேரைப் பிடித்துச் சீட்டுக் குலுக்கினார். ஓடுகிறவர்கள், எடை தூக்குகிறவர்கள், யோகா செய்கிறவர்கள். நாலாவது, ஒன்றுமே செய்யாதவர்கள். மொத்தம் பன்னிரண்டு வாரம். வாரம் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

சுடலைக்குமாருக்கு விழுந்தது நாலாவது சீட்டு. பிளஸ் டூ கணக்கில் பெயிலானதிலிருந்து ரெண்டு மாசமாக அவன் கட்டிலில் கிடந்து மின்விசிறியைப் பார்க்கிற வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். அதையே ஒருத்தர் ஆராய்ச்சி என்று எழுதிக்கொள்வார் என்றால் வேறென்ன வேண்டும். பிறந்ததிலிருந்து அவன் தகுதிக்கு என்றே வந்த ஒரே வேலை.

அதையும் கெடுத்துவிட்டான்.

"நாற்பது படிவத்துல உன் படிவம்தான் முதல்ல நிக்குது," என்றார் மேடம். "நல்லா தூங்குதே. மனசுக்குப் பத்துக்கு எட்டு போட்டிருக்கே. எட்டு வாரமா ஒரு தும்மல் இல்ல. எடை தூக்குதவன் ஒருத்தன் வெறி பிடிச்சாப்ல தூக்கி, வாரம் ஒரு காய்ச்சல்ல கெடக்கான். ஒண்ணும் செய்யாத உனக்கு இவ்வளவுன்னா நான் என்னன்னு எழுத? எல்லாரும் போய்க் கட்டில்ல படுங்கன்னா?"

சுடலைக்குமார் காலை மறுபடியும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். வாயைத் திறந்தால் பேச்சிராஜா பேர் வந்துவிடும்.

பேச்சிராஜா அவன் கூட்டாளி. போலீஸ் தேர்வில் ஒரே ஒரு மார்க்கில் தோற்றவன். ஓடுகிற சீட்டு அவனுக்கு. முதல் நாள் காலை அஞ்சு மணிக்கு வந்து கட்டிலைப் பிடித்து ஆட்டினான்.

"ஏலே, தனியா ஓடப் பயமா இருக்குலே. நாய் விரட்டுது. துணைக்கு வா."

போலீஸாக வேண்டியவன் நாய்க்குப் பயப்படுகிறான். பய மனசு அவ்வளவு தூரம் உடைந்து போயிருக்கிறது என்று சுடலைக்குமாருக்கு இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்து போனான். அன்றிலிருந்து தினமும், கரிசக்காட்டு வழியாகக் கண்மாய்க்கரை வரை. முதல் வாரம் அவன் ஓடினான் என்று சொல்ல முடியாது. விழாமல் வந்தான். எட்டு வாரத்தில் ஒரு நாய்கூட விரட்டவில்லை. தன்னைக் கண்டுதான் ஒதுங்கிப் போகின்றன என்று நினைத்துக்கொண்டான்.

இதைச் சொன்னால் மேடம் துணைக்குப் போகக் கூடாது என்பார். பேச்சிராஜா பழையபடி முடங்கிவிடுவான். ஒரு கூட்டாளியைக் கரையேற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு சுடலைக்குமாருக்குக் கொஞ்சம் பிடித்தும் போயிருந்தது. படிவத்தில் போட்ட எட்டில் ரெண்டு மார்க்கு அதற்குத்தான்.

"நானாத்தான் ஓடினேன் மேடம். கொழுப்பு. என் பேரை அடிச்சிருங்க."

மேடம் பைலிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"இதை உனக்குக் காட்டக் கூடாது. இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. படி."

பேச்சிராஜாவின் படிவம். 'வேறு ஏதேனும்' என்ற கட்டத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தான்.

'மேடம், எனக்கு நாய்ப் பயம் எல்லாம் கிடையாது. சுடலைக்குமார் பெயிலானதில் இருந்து யார்கிட்டயும் பேசாமல் கட்டிலிலேயே கிடந்தான். சோறும் சரியாகத் தின்னவில்லை. உனக்காக வாடா என்றால் வர மாட்டான். அதனால் எனக்குத் துணைக்கு வா என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகிறேன். இப்போது சிரிக்கிறான். அவன் சீட்டு வேறு, நான் செய்தது தப்புதான். மன்னிச்சிருங்க. அவனிடம் சொல்லிராதீங்க.'

சுடலைக்குமார் அதை ரெண்டு தடவை படித்தான். கணக்குக் கேள்வித்தாளையே அவன் ஒரு தடவைதான் படித்திருந்தான்.

"ரெண்டு பேர் படிவமும் இனிச் செல்லாது," என்றார் மேடம். "ஓடினதால சரியாச்சா, கூட ஓடினவனால சரியாச்சான்னு என்னால பிரிச்சு எழுத முடியாது. எந்திரிச்சுப் போ. போய் அவன்கிட்ட ஒரு நன்றியாவது சொல்லு."

"சொல்லுதேன் மேடம்."

மறுநாள் காலை அஞ்சு மணி. படிவம் செல்லாது என்று மட்டும் மேடம் பேச்சிராஜாவுக்கும் போனில் சொல்லியாயிற்று. இனி அவன் ஓட வேண்டிய கட்டாயமே இல்லை.

கட்டில் ஆடியது.

"ஏலே, எந்திரி. நேத்து கண்மாய்க்கரையில ஒரு செவலை நாய் நின்னுச்சு, பாத்தியா? கடிக்கிற நாய் மாதிரி தெரியுது."

சுடலைக்குமார் அரை மணி நேரமாக முழித்துக்கொண்டுதான் கிடந்தான். மேடம் சொல்லச் சொன்ன நன்றி வாய் வரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டு எழுந்தான்.

"பயப்படாதலே. அதான் நான் இருக்கேன்லா."