பெட்டிசன் போட்ட ஆள்

மருந்து விட்டதும் பாட்டிலில் இருந்த ஏரித் தண்ணீருக்குள் வெள்ளையாகப் பொங்கி, மெதுவாக அடியில் இறங்கியது.

கமலவேணி அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஏரிகளிலும் ஆறுகளிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்து அறிக்கை தருவது சேலம் ஆய்வகத்தில் அவள் வேலை. மற்ற சோதனைகளை அங்கே போய்ச் செய்துகொள்ளலாம். இதை மட்டும் கரையிலேயே செய்து பார்த்தாக வேண்டும்.

"வெள்ளையா இருந்தா நல்லதுதானுங்களே?" என்று கேட்டார் செங்கோட்டையன்.

ஏரிக்கு மேலே தெரிகிற ஜவ்வரிசி ஆலை அவருடையது. தம்பி செல்லமுத்து கூட்டாளி என்று பெயர்தான்; அந்த வீட்டில் அண்ணன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. குச்சிக்கிழங்கை அரைத்து, முத்து முத்தாக ஜவ்வரிசியாக்கி லாரியேற்றும் மனிதருக்கு வெள்ளை என்றாலே சுத்தம்.

"இல்லீங்க. பழுப்பா வரணும். வெள்ளையா வந்தா தண்ணியில காத்தே இல்லைன்னு அர்த்தம். மீன் பொழைக்காது."

செங்கோட்டையன் முகம் சுருங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார்.

"எவன் பெட்டிசன் போட்டது? அதை மொதல்ல சொல்லுங்க!"

செல்லமுத்துவின் குரல் கரை முழுக்கக் கேட்டது. வேடிக்கை பார்க்க வந்த ஆலை ஆட்கள் நகர்ந்து நின்றார்கள்.

"பேரைச் சொல்றது வழக்கமில்லீங்க" என்றாள் கமலவேணி.

செல்லமுத்துவின் மனைவி பெரியநாயகி அப்போதுதான் மோரோடு கரையேறி வந்தாள். "குடிங்க சாமி, நல்ல வெயிலு" என்று புதிய ஆளிடம் பேசுவதுபோல் டம்ளரை நீட்டினாள்.

கமலவேணி அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தாள்.

பெட்டிசன் போட்டதே இந்த அம்மாள்தான்.

போன மாதம் தூக்குப் பாத்திரத்தில் ஏரித் தண்ணீரோடு தன்னந்தனியாகச் சேலத்துக்கு வந்து, ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவள். தண்ணீரைக் காக்கச் சட்டம் என்று ஒன்று வந்திருப்பதை ரேடியோவில் கேட்டாளாம். கிழங்குத் தண்ணீர் இறங்கி இறங்கி மீன் செத்து ஒதுங்குகிறது, குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, நாற்றத்தில் சோறு இறங்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஆலைய மூடிப்போடாதீங்க சாமி. ஊரே அதுலதான் பொழைக்குது. ஏரிய மட்டும் காப்பாத்திக் குடுங்க. நா வந்தது எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது."

அந்த ஊட்டுக்காரர்தான் இப்போது துண்டை உதறிக் கத்திக்கொண்டிருந்தார். "எவனா இருந்தாலும் கண்டுபுடிக்காம உடமாட்டேன். நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டவன் இந்த ஊருக்குள்ளதான் இருக்கறான்!"

பெரியநாயகி அடுத்த டம்ளரில் மோர் ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கமலவேணி மதகுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். எல்லோரும் பின்னால் வந்தார்கள். அந்தப் பக்கம் சம்புக் கோரை அடர்ந்து கிடந்தது. நாமக்கோழி ஒன்று குஞ்சுகளோடு தண்ணீரைக் கீறிக்கொண்டு ஓடியது. அவள் முழங்கால் ஆழத்தில் இறங்கி இன்னொரு பாட்டிலை முக்கி எடுத்தாள். மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டாள். மூடியை அழுத்திக் குலுக்கினாள்.

கருப்பட்டி நிறத்தில் திரண்டு இறங்கியது.

"இங்க உசுரு இருக்குதுங்க!" என்றாள். ஆபீசர் குரல் மறந்துபோயிருந்தது. "மேலயிருந்து கழிவு வராம இருந்தா மொத்த ஏரியும் தேறிடும்."

"அப்ப ஆலைய மூடோணுமா?" செங்கோட்டையன் குரல் உள்ளே போயிருந்தது.

"வேண்டாங்க. உங்க நிலத்துலயே குட்டை வெட்டித் தேக்குங்க. தெளிஞ்ச தண்ணிய நாங்க சோதிச்சுச் சொன்னப்புறம் தென்னைக்குப் பாய்ச்சிக்கலாம். ஏரிக்கு ஒரு சொட்டு வரக் கூடாது. பொங்கலுக்குள்ள செய்யலீன்னா மூடச் சொல்லித்தான் எழுதணும்."

அவர் இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கவருமெண்டே வந்து சொல்றப்ப என்ன பண்றது? மேக்காலக் காட்டுல வெட்டீரலாம்" என்று சொல்லிவிட்டு ஆலைப் பக்கம் நடந்தார். ஆட்களும் கலைந்தார்கள்.

பெரியநாயகி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு கரையிறங்கினாள். போகிற போக்கில் கமலவேணியைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சிரித்தாள்.

பாட்டில் பெட்டியை ஜீப்புக்குத் தூக்கி வந்தது செல்லமுத்து. இறக்கி வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். கரையை அதிரவைத்த குரல் இப்போது காற்றோடு காற்றாக வந்தது.

"கண்ணு காட்டப் போறேன்னு சொல்லீட்டுத்தாஞ் சேலம் வந்தா என்ற ஊட்டுக்காரி. தூக்குப்போசி நெறைய ஏரித் தண்ணியோட கண்ணாஸ்பத்திரிக்கு யாருங்க போவாங்க?"

கமலவேணி அவசரமாகக் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏரியப் பத்தி நாஞ் சொன்னா எங்கண்ணன் காதுல ஏறாதுங்க. எத்தனையோ வாட்டி சொல்லிப் பாத்துட்டேன். இன்னைக்கு நாங் கத்தாம நின்னிருந்தா, மொதல்ல ஊட்டு ஆளுகளைத்தான் சந்தேகமாத் திரும்பிப் பாத்திருப்பாரு."

கமலவேணி ஏறியதும் டிரைவர் ஜீப்பைக் கிளப்பினார். செல்லமுத்து ஓரெட்டு தள்ளிப் போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு ஓடிவந்து கதவைப் பிடித்தார்.

"அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு ரொம்பச் சந்தோசமா இருக்கறா."